பாட்டில் தீர்ந்தால் காற்று ஏறுமா? டிரிப்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்க வேண்டியவை

"சிஸ்டர், பாட்டில் தீரப் போகுது!"

தமிழ்நாட்டு மருத்துவமனை வார்டுகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. சொல்பவரின் குரலில் ஒரு பதற்றம் இருக்கும். பாட்டில் காலியானதும் குழாய் வழியாகக் காற்று உள்ளே போய் உயிரை எடுத்துவிடும் என்ற பயம்தான் காரணம். வெறும் சிரிஞ்சில் காற்றை இழுத்து நோயாளிக்குப் போடும் சினிமா வில்லன்கள் இந்தப் பயத்தை நன்றாகவே வளர்த்துவிட்டார்கள்.

ஸ்டாண்டில் தொங்கும் சாதாரண டிரிப்ஸில் அப்படி நடப்பதில்லை. பாட்டில் உயரத்தில் இருப்பதால் வரும் அழுத்தத்தில்தான் மருந்து உள்ளே இறங்குகிறது. பாட்டில் காலியானால் குழாயில் இருக்கும் நீர் கொஞ்சம் இறங்கி, ரத்தக்குழாயின் அழுத்தத்துக்குச் சமமான இடம் வந்ததும் நின்றுவிடும். குழாயில் தெரியும் ஒன்றிரண்டு சின்னக் குமிழிகள் பெரியவர்களுக்குப் பொதுவாக எதுவும் செய்யாது. கழுத்துப் பக்கம் பெரிய ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன், அழுத்தம் கொடுத்து ஏற்றும் முறை, பச்சிளம் குழந்தைகள், இதயத்தில் ஓட்டை உள்ளவர்கள் என்றால் கதை வேறு. அங்கே காற்று நிஜமான ஆபத்து.

பாட்டில் தீர்ந்து அப்படியே விட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ரத்தம் பின்னால் ஏறி, ஊசிக்குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். மறுபடி வேறு இடத்தில் குத்த வேண்டிவரும். கை சுருங்கிய வயதானவருக்கு இன்னொரு இடம் தேடுவது சுலபமில்லை. ஆக, சிஸ்டரைக் கூப்பிடுவது சரிதான். பதறத் தேவையில்லை.

பதற வேண்டிய விஷயங்கள் வேறு இருக்கின்றன. அவை பாட்டில் தீர்வதைப் போலக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாது.

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குச் சற்று முன்னால் வரும் ஊர் சிறுவாச்சூர். வெளியூர்க்காரர்களுக்கு அது மதுரகாளியம்மன் கோயில் இருக்கும் ஊர். சுற்றியுள்ள கிராமங்களுக்கு, தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் ஊரும்கூட. பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவற்றில் எங்கே அப்பாவோ அம்மாவோ அட்மிட் ஆனாலும், சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளை ராத்திரி பஸ் பிடித்து வந்து, கட்டில் ஓரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருகிறார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் நிற்பது சில நிமிடங்கள். நர்ஸுக்கு இன்னும் எத்தனையோ கட்டில்கள். மீதி நேரம் முழுக்க அந்தக் கையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் இந்தப் பிள்ளைதான். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

'நரம்பு ஊசி'யும் இடுப்பு ஊசியும்

நம் பேச்சில் 'நரம்பு' என்றால் ரத்தக்குழாய். 'நரம்பே கிடைக்கல' என்று சிஸ்டர் சொல்வது சிரையைத்தான். உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் நிஜ நரம்பு வேறு. அந்த நிஜ நரம்புக்கு ஆபத்து அதிகம் வருவது 'நரம்பு ஊசி'யில் இல்லை, நாம் சாதாரணமாக நினைக்கும் இடுப்பு ஊசியில்.

ஊசி மருந்து முக்கியமாக நான்கு இடங்களுக்குப் போகிறது. தோலுக்குள்ளேயே போடுவது ஒன்று: பி.சி.ஜி., டெஸ்ட் டோஸ் போன்றவை. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் இன்சுலின். தசையில் டி.டி., வலி ஊசி. சிரையில் நேராகப் போவது ஐ.வி. எந்த மருந்து எந்த இடத்துக்கு என்பது மருந்திலேயே முடிவான விஷயம். தசைக்கான மருந்து சிரைக்குப் போனாலும், சிரைக்கான மருந்து தசைக்குள் கசிந்தாலும் பாதிப்பு வரலாம்.

பிட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்கும் தடித்த நரம்பு ஒன்று உண்டு. ஊசி அதில் பட்டாலோ, மருந்து அதை ஒட்டி இறங்கினாலோ பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகலாம். சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாக. அதனால்தான் மேல்புறம், வெளிப்பக்கம் என்று இடம் பார்த்துப் போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இடுப்பின் பக்கவாட்டுத் தசை அதைவிடப் பாதுகாப்பு என்பது இன்றைய நர்ஸிங் பாடம். கைக்குழந்தைக்குத் தொடைதான். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வெட்கப்பட்டுக்கொண்டு, நின்றபடியே பேன்ட்டை இரண்டு அங்குலம் மட்டும் இறக்குகிறோம். நர்ஸ் மீதியை ஊகித்துப் போட வேண்டியிருக்கிறது. 'படுங்க, இன்னும் கொஞ்சம் இறக்குங்க' என்று சொல்லும் நர்ஸ் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று அர்த்தம்.

சிரைக்குப் பதிலாகத் தமனிக்குள் மருந்து போனால்? அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் டயானா லெவின் 2000-இல் தலைவலி, குமட்டலுக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். நம் ஊரிலும் பழக்கமான ஃபெனர்கன் என்ற மருந்தை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். அது தமனிக்குள் போய், திசுக்கள் அழுகி, அவருடைய கை வெட்டப்பட்டது. எச்சரிக்கை போதுமான அளவு அச்சிடப்படவில்லை என்று அவர் மருந்து நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மருந்து ஏறும்போதே 'நெருப்பு வச்ச மாதிரி எரியுது' என்று நோயாளி சொன்னால் கையை எடுத்து நிறுத்திப் பார்க்க வேண்டும். 'கொஞ்சம் பொறுத்துக்கோங்க' என்பது அந்த நேரத்துக்கான பதில் இல்லை.

முதலில், இந்த ஊசி தேவையா?

கிளினிக்கில் டாக்டர் மாத்திரை எழுதினால் முகம் வாடிவிடும். 'ஒரு ஊசி போட்டு விட்ருங்க டாக்டர்' என்று கேட்டு வாங்குகிறோம். உடம்பு அசதி என்றால் 'ஒரு குளுக்கோஸ் ஏத்துனா தெம்பு வந்துடும்'.

அந்த குளுக்கோஸ் பாட்டிலில் என்ன இருக்கிறது? 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. என்றால் அதில் 25 கிராம் சர்க்கரை. கலோரிக் கணக்கில் 85 முதல் 100 வரை. ஏறக்குறைய இரண்டு இட்லி. சாதாரண சலைன் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது நாலரை கிராம் உப்பு, மீதி தண்ணீர். வாயால் சாப்பிட முடிகிற ஒருவருக்கு இதைக் கையில் ஓட்டை போட்டு ஏற்றுவதால் கிடைக்கும் தெம்பில் பாதிக்கு மேல், படுத்து ஓய்வெடுப்பதால் வருவதாகத்தான் இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு இந்த இரண்டு இட்லி நேராக ரத்தத்தில் விழுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வயிற்றுப்போக்கிலும் இதே கதைதான். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஐ.வி. பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் கதை அதுதான். குடிக்க முடியாத அளவு மயக்கம், நிற்காத வாந்தி, அதிகமான நீரிழப்பு என்றால் டிரிப்ஸ் உயிர் காக்கும். மற்றவர்களுக்கு டம்ளர் போதும்.

வேண்டாத ஊசி வெறும் காசு விரயம் என்று நினைத்தால் அதுவும் தவறு. போலியோ பரவியிருந்த காலத்தில், புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, வாதம் வந்த குழந்தைகளில் பலருக்கு அதற்குச் சற்று முன்பு காய்ச்சலுக்காகத் தேவையில்லாத ஊசி போடப்பட்டிருந்ததைக் கவனித்தது. உடலில் போலியோ வைரஸ் இருக்கும் நேரத்தில் தசையில் போடும் ஊசி வாதத்தைத் தூண்டும். ஊசி போட்ட காலே விழுந்துவிடும். இன்று போலியோ இல்லை. ஊசி கேட்கும் பழக்கம் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் இன்க்லென் அமைப்பு இந்தியா முழுக்க நடத்திய ஆய்வின்படி, நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ஊசிகள் போடப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 63 சதவீதம் பாதுகாப்பற்றவை.

பேரைக் கேட்டால் கோபப்படாதீர்கள்

மூன்று நாளாக அதே கட்டிலில் இருக்கிறார் அப்பா. மருந்து கொண்டுவரும் சிஸ்டர் திரும்பவும் 'ஐயா, உங்க பேர் சொல்லுங்க' என்கிறார். 'தினமும்தானே பாக்குறீங்க' என்று நமக்கு எரிச்சல் வருகிறது.

நர்ஸிங் மாணவிகளுக்கு முதல் வருடமே மனப்பாடமாகும் ஐந்து 'சரி'கள் உண்டு: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதில் முதலாவதற்குத்தான் அந்தக் கேள்வி. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு வார்டில் இரண்டு பெரியசாமி இருப்பது பெரிய ஆச்சரியமில்லை. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் மட்டும்தான். 'நீங்க பெரியசாமிதானே?' என்று கேட்டால் காது சரியாகக் கேட்காத பெரியவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அதனால் பேரை நோயாளி வாயாலேயே சொல்ல வைத்து, கையில் கட்டிய பட்டையையும் கேஸ் ஷீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை.

இரண்டாவது 'சரி', மருந்து. ஆம்பூல்கள் பல ஒரே மாதிரி இருக்கும். பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பூலைப் பார்த்தால், மருந்து கலக்கப் பயன்படுத்தும் சுத்த நீர் ஆம்பூலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பொட்டாசியத்தைப் பாட்டிலில் நன்றாகக் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். அதையே சிரிஞ்சில் எடுத்து நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அடர்த்தியான பொட்டாசியத்தைப் பொது வார்டு அலமாரியிலேயே வைக்க வேண்டாம், தனியாகப் பூட்டி வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மருந்து கலக்கும் நீரை மாற்றி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சிரியா சாட்சி. 2014 செப்டம்பரில் இத்லிப் பகுதியில், தட்டம்மைத் தடுப்பூசித் தூளைக் கரைக்கும் நீர் என்று நினைத்து, அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தன. தமிழ்நாட்டிலும் 2008 ஏப்ரலில், திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட 4 கைக்குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை மாநில அரசு நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் மட்டும் போட உத்தரவிட்டது. ஒரே மாதத்தில் தமிழ்நாட்டின் தடுப்பூசி முறையே மாறியது.

அட்டெண்டராக இருப்பவர் ஆம்பூலைப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை. 'இது என்ன மருந்துங்க சிஸ்டர்?' என்று கேட்டால் போதும். பதில் சொல்வதற்காக அவர் லேபிளை இன்னொரு முறை பார்ப்பார். 'அப்பாவுக்கு பெனிசிலின் ஒத்துக்காது' போன்ற தகவலை, கேட்காவிட்டாலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் சொல்லலாம். டியூட்டி மாறும்போது தகவல் விட்டுப்போவது எந்த ஆபீஸிலும் நடப்பதுதானே.

ஊசி புதுசு, சிரிஞ்ச் பழசு

கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய காலத்தை வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில்தான் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தார். எய்ட்ஸ் பயம் பரவிய பிறகுதான் 'டிஸ்போசபிள் போடுங்க' என்று மக்களே கேட்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் காமாலையைப் பரப்பும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அதே வழியில் இன்னும் சுலபமாகப் பரவும் என்றாலும், அதற்கு அந்தப் பயம் என்றைக்கும் கிடைக்கவில்லை.

பழைய பிரச்னை முழுசாகப் போய்விட்டதா? 2018 தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் உள்ள பாங்கர்மாவ் பகுதியில் 40 பேருக்கும் மேல் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதாக ஒரு போலி மருத்துவர் கைது செய்யப்பட்டார். அடுத்த வருடமே பாகிஸ்தானின் ரத்தோதேரோவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அங்கும் பாதுகாப்பற்ற ஊசிதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

இது ஏழை நாடுகளின் பிரச்னை மட்டும் என்று நினைத்தால் லாஸ் வேகாஸைப் பார்க்கலாம். 2008-இல் அங்கே ஒரு எண்டோஸ்கோபி மையத்தில் படித்த, பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஊசியை மாற்றினார்கள், சிரிஞ்சை மாற்றவில்லை. அதே சிரிஞ்சால் மயக்க மருந்துக் குப்பியில் திரும்பவும் எடுத்தார்கள். அந்தக் குப்பி அடுத்த நோயாளிக்கும் போனது. விளைவு, ஹெபடைடிஸ் சி. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அழைக்க வேண்டிவந்தது. ஊசியின் முனையில் மட்டும் ரத்தம் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் சிரிஞ்சுக்குள்ளும் ஏறிவிடும்.

பார்க்க வேண்டியது எளிமையானது. சிரிஞ்ச் பாக்கெட் உங்கள் கண் முன்னால் கிழிக்கப்பட வேண்டும். குப்பியின் ரப்பர் மூடியைத் துடைத்துவிட்டு ஊசியைச் செருக வேண்டும். முன்பே நிரப்பி, டிரேயில் வரிசையாக, லேபிள் இல்லாமல் கிடக்கும் சிரிஞ்சுகளில் ஒன்று உங்கள் கட்டிலுக்கு வந்தால் கேட்கலாம். அரசின் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள்தான் அங்கே பயன்படுகின்றன.

ரோலரில் கை வைக்காதீர்கள்

'எட்டு மணிக்கு பஸ், சீக்கிரம் முடியட்டும்' என்று குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பிவிடும் உறவினர்கள் எல்லா வார்டிலும் உண்டு. வார்டுக்குள் நல்லவர்கள் செய்யும் மிக ஆபத்தான காரியம் இதுதான் என்று சொல்லலாம்.

சொட்டுக் கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். சாதாரண செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி.; குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு. இந்த எண் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். 500 மி.லி. பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதினால், மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்து, மிகவும் வித்தியாசம் இருந்தால் சிஸ்டரிடம் சொல்லலாம். நாமே மாற்றக் கூடாது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக உள்ளவருக்கு அந்த அரை லிட்டர் அரை மணி நேரத்தில் போனால், நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். படுத்திருந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால், இருமினால், உடனே ஆள் வர வேண்டும். கையை மடக்கினாலோ கட்டிலை உயர்த்தினாலோகூட வேகம் மாறும். அதனால் பாத்ரூம் போய்விட்டு வந்ததும் ஒரு முறை சொட்டைப் பார்ப்பது நல்லது.

கை சொல்வதைக் கேட்பது

கையில் ஒட்டியிருக்கும் அந்த பிளாஸ்டிக் குழாயை நம் வார்டுகளில் 'வென்ஃப்ளான்' என்பார்கள். உள்ளே ஊசி இல்லை, குத்தியதும் உருவிவிடுவார்கள். மெல்லிய குழாய் மட்டும் இருக்கும். அதன் நிறம் அளவைச் சொல்லும். பச்சை பெரியது, ரத்தம் ஏற்றவும் ஆபரேஷனுக்கும். ரோஸ், நீலம் சாதாரணமாகப் பெரியவர்களுக்கு. மஞ்சள் குழந்தைகளுக்கும் மெல்லிய ரத்தக்குழாய் உள்ளவர்களுக்கும்.

குழாய் சிரையை விட்டு விலகினால் மருந்து சதைக்குள் கசியும். அந்த இடம் வீங்கி, தொட்டால் ஜில்லென்று இருக்கும். சிரையே புண்ணானால் சிவந்து, சூடாகி, கோடு போல மேலே ஏறும். வெறும் சலைன் கசிந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும். கால்சியம், வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்துகள், கீமோ மருந்துகள் கசிந்தால் சதை செத்துப்போகலாம். விரல்கள் வெளுப்பது, நீலம் பாய்வது, மரத்துப்போவது, நாடி தெரியாமல் போவது எல்லாம் அவசரம். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கும் விஷயங்கள் இல்லை.

2023 ஜூன் இறுதியில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒன்றரை வயதுக் குழந்தை சிகிச்சையில் இருந்தது. மூளையில் நீர் சேரும் பிரச்னைக்காக ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்யப்பட்ட குழந்தை. டிரிப்ஸ் ஏறிய வலது கை நிறம் மாறியது. ஜூலை தொடக்கத்தில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் அந்தக் கை அகற்றப்பட்டது. கை சிவப்பதைத் தாங்கள் சொல்லியும் நர்ஸ்கள் உடனே கவனிக்கவில்லை என்பது பெற்றோரின் குற்றச்சாட்டு. அரசு அமைத்த மருத்துவர் குழு அலட்சியம் இல்லை என்றது. நோய்த்தொற்றால் ரத்தக்குழாய் அடைபட்டதே காரணம் என்று அறிக்கை கொடுத்தது. ஆகஸ்டில் குழந்தை இறந்தது.

காரணம் எதுவாக இருந்தாலும், அந்தச் சம்பவத்தில் பேச்சு சுற்றிவந்த கேள்வி ஒன்று: கையில் மாற்றம் தெரிந்த நிமிடத்துக்கும் யாரோ வந்து பார்த்த நிமிடத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் போனது? பேச முடியாத குழந்தை, நினைவு தப்பியவர், கையில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு வலியைச் சொல்ல வாய் இல்லை. பக்கத்தில் இருப்பவர்தான் வாய். நல்ல வழக்கம் ஒன்று உண்டு. வென்ஃப்ளான் போட்ட தேதியையும் நேரத்தையும் பிளாஸ்டரிலேயே எழுதுவது. எழுதாமல் விட்டிருந்தால், எழுதச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கையை போனில் படம் எடுத்து வைத்தால், 'காலையில இப்படி இருந்துச்சு, இப்போ இப்படி இருக்கு' என்று காட்ட முடியும். படத்துக்கு முன்னால் 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல' என்று சொல்வது யாருக்கும் கஷ்டம்.

முதல் 15 நிமிடம்

புது ஆன்டிபயாடிக் முதல் டோஸ் ஏறும்போது டீ குடிக்கப் போகாதீர்கள். அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உள்ளங்கை அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், குரல் கம்மல், மூச்சுத்திணறல், 'என்னமோ பண்ணுது' என்று ஒரு பயம். மருந்தை நிறுத்தி, தொடைத் தசையில் அட்ரினலின் போடுவதுதான் முதல் சிகிச்சை. பெரியவர்களுக்கு அரை மி.லி. டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகவில்லை என்பது முழு உத்தரவாதம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது டோஸில் வந்தவர்களும் உண்டு. கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டு உடனே பைக்கை எடுக்காமல் அரை மணி நேரம் உட்காரச் சொல்வதும் இதற்காகத்தான்.

சிஸ்டரின் பக்கம்

இவ்வளவையும் படித்துவிட்டு நர்ஸைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் அது அநியாயம். இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதிப்படி கற்பிக்கும் மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் வேண்டும். மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர். உங்கள் வார்டில் ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர், கட்டில்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் போதும். தமிழ்நாடு அரசு 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்த அடிப்படையில் எடுத்த நர்ஸ்களுக்கு மாதச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராடியபோதுதான் பலருக்கு அந்தத் தொகையே தெரியவந்தது. ஐந்து 'சரி'களையும் முப்பது கட்டிலுக்கு ஒருவர் பார்க்க வேண்டும் என்றால், விட்டுப்போகும் ஒரு 'சரி'க்கு அவர் மட்டுமே பொறுப்பு என்று சொல்ல முடியாது.

அவருக்கும் அதே ஊசியால் ஆபத்து இருக்கிறது. தொற்று உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு 30 சதவீதம் வரை, ஹெபடைடிஸ் சி ஏறக்குறைய 3, எச்.ஐ.வி. 0.3. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அதனால்தான் பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது என்பது விதி. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி போக வேண்டியது குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவுக்கு, குழாய்கள் சிவப்புப் பைக்கு. கட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்த சிவப்புப் பையில் வாழைப்பழத் தோலைப் போடும்போது, அதைப் பிரித்தெடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்பது நினைவுக்கு வரட்டும். அதேபோல, சிஸ்டர் மருந்து எடுத்து அளக்கும் அந்த ஒரு நிமிடம் 'டிஸ்சார்ஜ் எப்போ?' என்று கேட்காமல் இருப்பதும் பெரிய உதவி.

டிஸ்சார்ஜ் அன்று எல்லோரும் பில், இன்ஷூரன்ஸ், ஆட்டோ என்று ஓடுவார்கள். அப்போது கையைப் பாருங்கள். வென்ஃப்ளானோடு வீட்டுக்குப் போய், முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கவனித்தவர்கள் உண்டு. அப்படி ஆனால் வீட்டிலேயே உருவ வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் நேராக அழுத்திப் பிடிக்க வேண்டும், முழங்கையை மடக்கிக்கொண்டு நிற்பதில் பலன் குறைவு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும். அந்த இடம் இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவந்து வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.